பாட்டுப் பாடியதற்கு 6 ஆண்டு சிறை... 3 ஆண்டு தண்டனை 20-ஐத் தாண்டியது எப்படி? யார் இந்த நவாங் சங்ட்ரோல்?

1992-ல் 3 ஆண்டு தண்டனையோடு சிறைக்குள் போனார் ஒரு திபெத்தியச் சிறுமி. கணக்குப்படி 1995-ல் வெளியே வந்திருக்க வேண்டும். ஆனால், 1998-ல் அவருடைய மொத்தத் தண்டனை 20 ஆண்டுகளைத் தாண்டிவிட்டது. இடையில் அவர் தப்பிக்கவில்லை, யாரையும் தாக்கவில்லை. சிறைச் சுவரைத் தாண்டி ஓர் அடிகூட வெளியே வைக்கவில்லை. பிறகு எப்படித் தண்டனை ஏறியது?

நவாங் சங்ட்ரோல் என்ற அந்தப் பெண்ணின் கதை, திபெத்தில் அரசியல் கைதியாக இருப்பது என்றால் என்ன என்பதை நமக்குப் புரிய வைக்கும்.

13 வயதில் முதல் கைது

1977-ல் லாசாவில் பிறந்தவர் சங்ட்ரோல். சின்ன வயதிலேயே லாசாவுக்கு வடக்கே இருக்கும் காரு பிக்குணிகள் மடத்தில் சேர்ந்துவிட்டார். அப்போது திபெத் கொதித்துக்கொண்டிருந்த நேரம். 1950-ல் சீன ராணுவம் உள்ளே நுழைந்தது, 1959 கிளர்ச்சிக்குப் பிறகு தலாய் லாமா இந்தியாவுக்கு வந்தது எல்லாம் பலருக்கும் தெரிந்த வரலாறு. 1987-ல் லாசா வீதிகளில் மறுபடியும் போராட்டங்கள் வெடித்தன. 1989 மார்ச்சில் லாசாவில் ராணுவச் சட்டம் அறிவிக்கப்பட்டு, 1990 மே மாதம்தான் விலக்கப்பட்டது.

அது விலக்கப்பட்ட சில மாதங்களில், 1990 ஆகஸ்ட்டில், தலாய் லாமாக்களின் கோடை அரண்மனையான நோர்புலிங்காவில் திருவிழா. கூட்டத்துக்கு நடுவே சில பிக்குணிகள் திபெத் விடுதலைக் கோஷம் போட்டார்கள். அதில் ஒருவர் சங்ட்ரோல். வயது 13. சில நிமிடங்கள்தான், போலீஸ் அள்ளிக்கொண்டு போய்விட்டது. விசாரணை எதுவும் இல்லாமல் 9 மாதம் குட்சா தடுப்புக் காவல் மையத்தில் வைத்திருந்தார்கள்.

வெளியே வந்தவருக்கு மடத்தின் கதவு மூடிவிட்டது. போராடிய பிக்குணிகளை மடங்கள் திரும்பச் சேர்த்துக்கொள்ளக் கூடாது என்பது அதிகாரிகளின் நிபந்தனை. தந்தை நம்ஜியால் தாஷியும் அரசியல் வழக்கில் சிறைக்குப் போனார். தாயும் இறந்துவிட்டார். 1992 ஜூனில், லாசாவின் ஜோகாங் கோயிலைச் சுற்றி வரும் பார்கோர் வீதியில் இன்னொரு சிறிய போராட்டம். மறுபடி கைது. இந்த முறை 3 ஆண்டு தண்டனை, டிராப்சி சிறை. தந்தை இருந்ததும் அதே சிறைதான்.

ஏன் பிக்குணிகள்?

அந்தக் காலத்து லாசா போராட்டங்களைப் பார்த்தால் ஒரு விஷயம் கண்ணில் படும். முன்னால் நின்றவர்களில் நிறைய பேர் இளம் பிக்குணிகள். ஐந்தாறு பேர் சேர்ந்து பார்கோருக்குப் போவார்கள், கோஷம் போடுவார்கள், பிடிபடுவார்கள். பிடிபடுவோம் என்று தெரிந்தேதான் போனார்கள். குடும்பம், குழந்தை என்று பின்னால் இழுக்க ஏதும் இல்லாதது ஒரு காரணம். மடத்துக்குள்ளேயே தலாய் லாமாவைப் பற்றிப் பேசத் தடை இருந்தது இன்னொரு காரணம். அரசியலிலிருந்து ஒதுங்கி இருக்கலாம் என்றால் அரசியல் மடத்துக்குள்ளேயே வந்து உட்கார்ந்திருந்தது.

சிறைக்குள் ஒரு டேப்ரெக்கார்டர்

டிராப்சியில் பெண் கைதிகளுக்குக் கம்பளி நூற்பது போன்ற வேலைகள். தினமும் இவ்வளவு என்று அளவு உண்டு, குறைந்தால் தண்டனை. பிரார்த்தனைக்கு அனுமதி கிடையாது. வாழ்நாள் முழுக்க மந்திரம் சொல்வதையே வாழ்க்கையாக எடுத்துக்கொண்ட பெண்களுக்கு இது எவ்வளவு பெரிய வதை என்று யோசித்துப் பாருங்கள்.

1993-ல் யாருக்கும் தெரியாமல் ஒரு டேப்ரெக்கார்டர் உள்ளே வந்தது. 14 பிக்குணிகள், காவலர்கள் கண்ணில் படாமல், தாங்களே கட்டிய பாடல்களை அதில் பாடிப் பதிவு செய்தார்கள். குடும்பத்தினருக்கு ஆறுதல், தலாய் லாமா மீதான பக்தி, சிறையில் படும் பாடு... இவைதான் பாடுபொருள். சிலர் தங்கள் பெயரையும் சொல்லியே பாடினார்கள். மாட்டினால் ஆதாரமே அதுதான் என்று தெரியாமலா சொல்லியிருப்பார்கள்? நாங்கள் உயிரோடு இருக்கிறோம் என்று வெளியே இருக்கும் உறவினர்களுக்குத் தெரிய வேண்டுமென்றால் பெயரைச் சொல்லித்தான் ஆக வேண்டும்.

கேசட் வெளியே கடத்தப்பட்டு, நகல் எடுக்கப்பட்டு, பிற்பாடு வெளிநாடுகள் வரை போனது. விஷயம் நிர்வாகத்துக்கும் தெரிந்தது. 'எதிர்ப்புரட்சிப் பிரசாரம்' என்று வழக்கு. 1993 அக்டோபரில் 14 பேருக்கும் 5 முதல் 9 ஆண்டுகள் வரை கூடுதல் தண்டனை. சங்ட்ரோலுக்கு 6 ஆண்டு. ஏற்கெனவே 9 ஆண்டு தண்டனை பெற்றிருந்த புன்ட்சோக் நித்ரோன் என்ற பிக்குணிக்கு மேலும் 8 ஆண்டு சேர்ந்து 17 ஆனது. 'பாடும் பிக்குணிகள்' என்று உலகம் பின்னாளில் இவர்களைத்தான் அழைத்தது.

பாட்டுதானே, அதற்கா இத்தனை வருஷம் என்று தோணலாம். சீனச் சட்டத்தில் அப்போது 'எதிர்ப்புரட்சி' என்றே ஒரு குற்றப்பிரிவு இருந்தது. கோஷம், துண்டுச்சீட்டு, பாட்டு என எதை வேண்டுமானாலும் அதற்குள் அடைக்கலாம். காகிதத்தில் பார்த்தால் ஒவ்வொன்றும் புது வழக்கு, புதுத் தீர்ப்பு. ஆனால் கைதிக்கு நடப்பது ஒன்றுதான். விடுதலைத் தேதி தள்ளிப் போய்க்கொண்டே இருக்கும். 1997-ல் இந்தப் பிரிவு நீக்கப்பட்டு, 'தேசப் பாதுகாப்புக்கு ஆபத்து' என்ற புதுப் பெயர் வந்தது. பழைய பிரிவில் தண்டனை பெற்றவர்கள் அதற்காக விடுவிக்கப்படவில்லை.

எழுந்து நிற்காததும் குற்றம்

1996-ல் அடுத்தது. அதிகாரி உள்ளே வந்தபோது எழுந்து நிற்கவில்லை, படுக்கையை ஒழுங்காக மடிக்கவில்லை என்று பிரச்னை ஆரம்பித்தது. தண்டனையாக மழையில் நிற்க வைத்தார்கள். நின்ற இடத்திலேயே சங்ட்ரோல் திபெத் விடுதலைக் கோஷம் போட்டார். இருட்டுத் தனிச்சிறையில் மாதக்கணக்கில் அடைக்கப்பட்டார். தண்டனை இரண்டாவது முறையாக நீண்டது.

1998 மே 1 மற்றும் 4-ம் தேதிகளில் சிறை வளாகத்தில் சீனக் கொடி ஏற்றும் நிகழ்ச்சி. கைதிகள் எதிர்க் கோஷம் போட்டார்கள். மே 4 அன்று ஐரோப்பிய ஒன்றியத் தூதர்கள் டிராப்சியைப் பார்வையிட வந்திருந்த நாள் என்பதைக் கவனிக்க வேண்டும். வந்தவர்களுக்கு நடந்தது எதுவும் அப்போது தெரியவில்லை. பின்னர் நடந்த அடி உதையில் சங்ட்ரோல் நினைவிழந்தார். சக பிக்குணி ஒருவர் மேலே விழுந்து மறைத்ததால்தான் அவர் பிழைத்தார் என்று அங்கிருந்து வெளிவந்தவர்கள் சொன்னார்கள். அடுத்த மாதம், ஜூன் 7-ம் தேதி, ஒரே நாளில் 5 பிக்குணிகள் டிராப்சியில் இறந்துபோனார்கள்.

சங்ட்ரோலுக்கு நான்காவது தீர்ப்பும் வந்தது. அதன்படி பார்த்தால் 2010-க்குப் பிறகுதான் விடுதலை.

வெளியே வந்தது எப்படி?

எந்த நீதிமன்றமும் அவரை நிரபராதி என்று சொல்லவில்லை. அவருக்காக ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் கையெழுத்து இயக்கங்கள் நடந்தன. அவர் சிறையில் இருக்கும்போதே, 2001-ல், பிரெஞ்சில் அவரது வாழ்க்கை வரலாறு புத்தகமாக வந்துவிட்டது. லாசாவின் ஒரு கைதி பேச்சுவார்த்தை மேசையில் ஒரு பெயரானார்.

2002 அக்டோபர் 17-ம் தேதி திடீரென விடுதலை. அடுத்த வாரமே, அக்டோபர் 25-ல், சீன அதிபர் ஜியாங் ஜெமின் டெக்சாஸில் இருக்கும் அமெரிக்க அதிபர் ஜார்ஜ் புஷ்ஷின் பண்ணை வீட்டுக்குப் போனார். தற்செயல் என்று நம்புவது கொஞ்சம் கஷ்டம்தான். உள்ளே போட்டதற்கு அரசியல் காரணம் என்றால், வெளியே விட்டதற்கும் அதேதான்.

வெளியே வந்தபோது அவருக்கு வயது 25. முதல் கைதையும் சேர்த்தால் சுமார் 11 ஆண்டுகள் கம்பிக்குப் பின்னால் போயிருந்தன. அடி வாங்கிய உடம்பு, தீராத தலைவலி. 2003 மார்ச்சில் சிகிச்சைக்காக அமெரிக்கா செல்ல அனுமதி கிடைத்தது. உடல் தேறியதும் சும்மா இருக்கவில்லை. திபெத் உரிமைகளுக்கான அமைப்போடு சேர்ந்து, இன்னும் உள்ளே இருப்பவர்களின் பெயர்களைச் சொல்லிப் பேச ஆரம்பித்தார்.

அந்த 14 பேரில் ஒருவர் தண்டனை முடியும் முன்பே 2001-ல் இறந்துவிட்டார். புன்ட்சோக் நித்ரோன் 14 ஆண்டுகளுக்கும் மேல் சிறையில் இருந்துவிட்டு, 2004 பிப்ரவரியில், கடைசி ஆளாக டிராப்சியிலிருந்து வெளியே வந்தார். அவர் சீனாவை விட்டு வெளியேற மேலும் 2 ஆண்டுகள் ஆயின.