உறைக்குள் உறங்கும் ஆசை

கண்டி வாவிக்கரையில் பொழுது புலரும் ஐந்தரை மணி. கோடையில் அமெரிக்காவின் கீழ்க்கரையிலோ முதல்நாள் இரவு எட்டு மணி. அவ்வேளை அங்கொருவர் கமராவின் முன் பேஸ்போல் அட்டைப் பெட்டியை உடைப்பார். நாம் இங்கே கைத்தொலைபேசியில் கண்கொட்டாது காத்திருப்போம்.

முறை எளிது. அவர்தம் பெரும் லீக்கில் 30 அணிகள். ஆளுக்கோர் அணியைப் பணங்கட்டிப் பதிந்துகொள்ள வேண்டும். அவ்வணி வீரரின் அட்டைகள் வந்தால் நமக்கு, வராவிடின் வெறுங்கைதான். 1952 ஆம் ஆண்டின் மிக்கி மாண்டில் அட்டையொன்று 2022 இல் 1 கோடியே 26 இலட்சம் டொலருக்கு விலைபோயிற்று. அந்த எண்ணே எம்மை மயக்கியது.

மும்முறை பதிந்தோம். இருமுறை சாதாரண அட்டைகள். மூன்றாம் முறை ஒன்றுமில்லை. "அப்பா, இது சேகரிப்பா, சூதா?" என்றாள் மகள். தருமனின் சூதாட்டத்தை வகுப்பில் ஆண்டுதோறும் கண்டிக்கும் எமக்கு நா எழவில்லை.

சிறுவயதில் முத்திரை சேர்த்தபோது ஒவ்வொன்றும் ஒரு தேசத்தைக் கற்பித்தது. தோல்வியென்பதே அதில் இருக்கவில்லை. ஆகவே அன்பர்களே, இப்போது உடைப்பைப் பார்ப்பதோடு சரி. வேண்டிய அட்டையை விலையறிந்து தனியே வாங்குகிறோம். அவ்வாறு முதலில் வாங்கியது, டெஸ்ட் பந்தயங்களில் 800 விக்கெட்டுகள் வீழ்த்திய நம் கண்டி மைந்தர் முத்தையா முரளிதரனின் அட்டை. அதை ஆல்பத்தில் ஒட்டி வைத்தவள் மகளே.