மூவாயிரம் ரூபாய் ரம்பம்

2018 நவம்பரில் கஜா புயல் தென்னைகளைச் சாய்த்த பிறகுதான் எங்கள் பேராவூரணிப் பக்கம் எங்கும் செயின்சா சத்தம். வேலை ஓய்ந்ததும் ஒருவர் மூலையில் போட்டிருந்ததை 3,000 ரூபாய்க்கு வாங்கிவந்தேன். கயிற்றை இழுத்து இழுத்துத் தோள்பட்டை வலித்ததுதான் மிச்சம். கார்புரேட்டரைக் கழற்றினால், டேங்கில் விட்டுவைத்த பழைய பெட்ரோல் பிசினாக உறைந்திருந்தது. உள்ளே ரப்பர் சவ்வு அப்பளம்போல விறைத்துக் கிடந்தது. சவ்வை மாற்றினேன். மூன்றாவது இழுப்பில் உறுமியது!

டூ ஸ்ட்ரோக் எஞ்சின். பெட்ரோலில் கலக்கும் டூ-டி ஆயில்தான் பிஸ்டனுக்கு உயிர். என் மிஷினுக்கு லிட்டருக்கு 40 மில்லி. கஞ்சத்தனம் பார்த்தால் பிஸ்டன் பிடித்துக்கொள்ளும்.

தூள் மாவாகக் கொட்டினால் செயின் பல் மழுங்கிவிட்டது. செதிலாகத் தெறித்தால் சரி. மண் ஒட்டிய அடிமரத்தில் வைத்தால் கேட்கவே வேண்டாம், உடனே உருட்டு அரத்தைத் தேட வேண்டியதுதான்.