மேசை மேல் ஓர் ஆவடி

ஆவடி கனரக வாகனத் தொழிற்சாலை தொடங்கியது 1961-இல். அங்கே கட்டிய முதல் விஜயந்தா டாங்கி 1965-இல் வெளியே வந்தது. பிற்காலத்தில் அதே ஊரில் வடிவமைத்த அர்ஜுன், பீரங்கிக் குழலையும் சேர்த்தால் பத்தரை மீட்டருக்குச் சற்று அதிக நீளம். அதை 285-இல் ஒரு பங்காகச் சுருக்கினால் 37 மில்லிமீட்டர். ஆள் ஒருவர் ஆறு மில்லிமீட்டர். பொம்மைப் படைகளை மேசையில் நகர்த்தி ஆடும் போர் விளையாட்டுகளில் நன்கு புழங்கும் அளவு இது.

டாங்கி சண்டையிட ஊர் வேண்டும். அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லியையே மேசைக்குக் கொண்டுவருவோம் என்று கணக்குப் போட்டால் ஓர் அதிசயமான முரண் எதிர்ப்படுகிறது.

டாங்கியின் குண்டு இரண்டு கிலோமீட்டர் தள்ளியும் இலக்கைத் தாக்கும். 1:285 அளவில் அது ஏழு மீட்டர். கூடத்துச் சுவரையே தாண்டிவிடும். அதனால் தரைக்கு வேறோர் அளவு வைக்கிறார்கள். ஒரு சென்டிமீட்டருக்கு 20 மீட்டர் என்று கொண்டால் இரண்டு கிலோமீட்டரும் ஒரு மீட்டரில் அடங்கும். ஆனால் அந்தத் தரையில் நம் பொம்மை அர்ஜுன் 74 மீட்டர் நீளத்துக்குப் படுத்துக் கிடக்கும்! அம்பத்தூரின் 12 மீட்டர் மாடிவீடு 42 மில்லிமீட்டர் பொம்மையாகி 84 மீட்டரை மூடும். ஆக, மேசை மீதுள்ள ஒரு வீடு உண்மையில் ஒரு தெருவுக்குச் சமம்.

பழைய ஆட்டங்களில் இந்தச் சிக்கல் இல்லை. பிரஷ்யாவில் 1824-இல் ரைஸ்விட்ஸ் வெளியிட்ட ஆட்டம் 1:8000 வரைபடத்தில் நடந்தது. கட்டைகளும் அதே அளவுக்கு ஏற்றவை. 1913-இல் ‘லிட்டில் வார்ஸ்’ எழுதிய எச்.ஜி. வெல்ஸின் பொம்மைப் பீரங்கி மெய்யாகவே மரக்குச்சியைச் சுட்டது. குச்சி எங்கே விழுந்ததோ அதுதான் தூரம். பார்வைக்கு அழகான பொம்மையும் வேண்டும், தொலைதூரச் சண்டையும் வேண்டும் என்று கேட்கும்போதுதான் இரண்டு அளவுகள் ஒரே மேசையில் மோதுகின்றன.

தீர்வு, வீட்டை ஒரு சுற்று சிறியதாகத் தேர்ந்தெடுப்பது. பத்து மில்லிமீட்டர் வீரர்களுக்கு, ஆறு மில்லிமீட்டர் வீரர்களுக்குரிய வீடுகளை வைக்கிறார்கள் பலர். நவராத்திரிக் கொலுவில் பார்க் கட்டும்போது செட்டியார் பொம்மை தன் கடையைவிட உயரமாக நின்றாலும் நம் கண் மறுப்பதில்லை அல்லவா? அதே சலுகைதான் இங்கும்.

எதைச் சுருக்கினாலும் கூரையைச் சுருக்காதீர்கள் என்பேன். காரணம் எளிது. மேசைக்கு மேலே நம் கண் சுமார் 70 சென்டிமீட்டர் உயரத்தில் இருக்கும். 285-ஆல் பெருக்கினால் 200 மீட்டர். நாம் தெருவில் நிற்கவில்லை, வானத்தில் மிதக்கிறோம். அங்கிருந்து அம்பத்தூரை அம்பத்தூராகக் காட்டுவது வாசலும் சன்னலும் அல்ல. மொட்டைமாடி, மாடிப்படி அறை, கைப்பிடிச்சுவர், கறுப்புத் தண்ணீர்த் தொட்டி, தொழிற்பேட்டையின் நீண்ட தகரக் கூரைகள். ஒரு மீட்டர் உயரத் தொட்டிக்கு மூன்றரை மில்லிமீட்டர் கறுப்பு மணி போதும். வெளிநாட்டு ஓட்டுவீடுகளை வாங்கி அடுக்கினால் எவ்வளவு நேர்த்தியாக இருந்தாலும் அது ஐரோப்பிய ஊர்தான்.

அடுத்தது சந்து. மூன்று மீட்டர் சந்து பத்தரை மில்லிமீட்டர். அர்ஜுனின் அகலமோ பதின்மூன்றரை. அதில் டாங்கியும் நுழையாது, அதை நகர்த்தும் விரலும் நுழையாது. ஆகவே சி.டி.எச். சாலை போன்ற பெருஞ்சாலைகளைத் தாராளமாக அகலப்படுத்தி, சந்துகளைக் காலாட்படைக்கு விட்டுவிடலாம். வீடுகளை ஒட்டாமல் அட்டைமேல் வைத்தால் படை உள்ளே புகும்போது வீட்டை எடுத்துவிடவும் முடியும்.

இந்தப் பகுதி தருகிற மிகச் சிறந்த ஆட்டப் பொருள், என் கணிப்பில், வீடே அல்ல, ஏரிக்கரை. அர்ஜுனின் மொத்த உயரம் எட்டு மில்லிமீட்டர். தெர்மாகோலில் கரையை ஐந்தாறு மில்லிமீட்டருக்கு வெட்டினால் டாங்கியின் உடல் மறையும், குழலும் சுழலும் மேற்பகுதியும் மட்டும் எட்டிப் பார்க்கும், மறைந்தபடியே சுடலாம். ஒன்பது மில்லிமீட்டருக்கு வெட்டினால் டாங்கி முழுதும் மறையும், ஆனால் அக்கரையில் வருவதை அதனால் பார்க்கவே முடியாது.