பிரட்டு புரட்டான கதை

நாவலப்பிட்டியிலிருந்து மலையேறும் புகையிரதம் வட்டவளையைக் கடந்து, ஹற்றனை அடையுமுன் றொசல்ல என்னும் சிறு நிலையத்தில் நிற்கும். அதனை அண்டிய தோட்டமொன்றில் உயர்தரம் படிக்கும் மாணவி ஒருவரைச் சந்தித்தோம். மலையக மக்கள் இங்கு வந்து 200 ஆண்டுகள் நிறைவுற்றதை 2023இல் பலரும் நினைவுகூர்ந்தபோது, தன் அம்மாயியின் வாழ்க்கையை எழுதிவைக்கும் ஆசை அவருக்கு வந்ததாம். பழைய கணினியொன்றில் பதினாறு பக்கம் எழுதியிருந்தார். வாசித்துக்கொண்டே வந்த நாம் ஓரிடத்தில் திகைத்து நின்றோம். ‘அம்மாயி விடியற்காலையிலேயே புரட்டுக்குப் போய்விடுவார்’ என்றிருந்தது!

“என்ன பிள்ளை, அம்மாயி புரட்டுக்கா போனார்?” என்று கேட்டோம்.

“இல்லீங்க சேர், பிரட்டுன்னுதான் அடிச்சேன். கீழ செவப்புக் கோடு விழுந்துச்சு. நான்தான் பிழையா எழுதிட்டேன்னு நெனச்சு, அது காட்டுன சொல்லையே போட்டுட்டேன்” என்றார்.

சிரித்துவிட்டோம். ஆனால் மேலும் வாசிக்கச் சிரிப்பு அடங்கிவிட்டது. கவ்வாத்து என்று எழுதிய இடமெல்லாம் சிவப்புக் கோட்டுக்கு அஞ்சி ‘கிளை வெட்டுதல்’ ஆகியிருந்தது. அரைப்பேர் என்ற சொல்லை அவர் எடுத்தேவிட்டார். நிர்ணயித்த கிலோ கொழுந்து சேராத நாளில் பாதிச் சம்பளமே பதியப்படுவதைத்தானே நம்மவர் அரைப்பேர் என்கின்றனர்? அந்தச் சொல் போனதோடு, மழையில் நனைந்து கொழுந்தெடுத்த நாட்களில் அம்மாயிக்கு எவ்வளவு குறைந்தது என்ற செய்தியும் பதினாறு பக்கங்களிலிருந்தும் போய்விட்டது.

அந்தச் சிவப்புக் கோட்டைப் போடுவது யார்? மாணவி பயன்படுத்தியது லிப்ரே ஆபிஸ் என்ற மென்பொருள். அதில் எழுத்துப் பிழை பார்க்கும் பகுதிக்கு ஹன்ஸ்பெல் என்று பெயர். ஹங்கேரியரான லாஸ்லோ நேமெத் தம் தாய்மொழிக்காக ஆக்கியது அது. தமிழைப் போலவே ஹங்கேரிய மொழியிலும் ஒரு சொல்லின் பின்னால் விகுதிகள் ஒன்றன்மேலொன்றாக ஒட்டிக்கொள்ளும். மலை, மலையில், மலையிலிருந்து, மலையிலிருந்தும் என்று ஒவ்வொன்றையும் தனித்தனியே எழுதி முடியுமா? எனவே ஹன்ஸ்பெல் இரண்டு கோப்புகளை வைத்திருக்கிறது. ஒன்றில் சொற்பட்டியல், மற்றதில் அச்சொற்களோடு என்னென்ன விகுதிகள் சேரும் என்ற விதிகள். இரண்டுமே சாதாரண எழுத்துக் கோப்புகள். பட்டியலிலும் விதியிலும் அடங்காத சொல்லுக்குக் கோடு விழும். அவ்வளவுதான். மொழி அறிந்த எந்தப் பண்டிதரும் உள்ளே உட்கார்ந்து தீர்ப்புச் சொல்வதில்லை. பட்டியலைத் தொகுத்தவர்கள் பிரட்டுக்களத்தில் நின்றவர்களாக இருந்திருக்க மாட்டார்கள் என்பதைத் தவிர அவர்கள்மீது நாம் சொல்லக்கூடிய குறையொன்றுமில்லை.

இங்கேதான் கட்டற்ற மென்பொருள் என்பதன் பொருளை வாசகர்கள் கவனிக்க வேண்டும். 1983இல் அமெரிக்கரான றிச்சர்ட் ஸ்டோல்மன் ‘குனு’ என்ற திட்டத்தை அறிவித்தார். மென்பொருளை எதற்கும் பயன்படுத்தலாம், அதன் உள்ளமைப்பைப் படித்துத் திருத்தலாம், பிறருக்குக் கொடுக்கலாம், திருத்தியதையும் கொடுக்கலாம் என்பதே அவர் வற்புறுத்திய உரிமை. இலவசம் என்பது வேறு, இது வேறு. இலவசமாகக் கிடைக்கும் எத்தனையோ மென்பொருள்கள் பூட்டிய பெட்டிகள். உள்ளே கைவைக்க முடியாது. லிப்ரே ஆபிஸும் ஹன்ஸ்பெல்லும் திறந்த பெட்டிகள். நமக்குப் பழக்கமான சொல்லில் சொல்வதானால், ஊர் கூடிப் பாதை வெட்டும் சிரமதானம் போன்றது. வெட்டிய பாதையில் எவரும் நடக்கலாம், பள்ளம் விழுந்தால் எவரும் நிரப்பலாம்.

கணினியில் தமிழ் வந்த பாதையும் பெருமளவு அப்படி வெட்டப்பட்டதே. இலங்கையில் பலரும் பாமினி எழுத்துருவில் தட்டச்சுச் செய்து பழகியவர்கள். அது ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவங்களை அமர்த்திய ஓர் ஏற்பாடு. அந்த எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால் ‘அம்மா’ என்பது எம், கே, அரைப்புள்ளி, மீண்டும் கே, எச் என்று கிடக்கும். எமது பழைய கட்டுரைகள் சில அவ்வாறு கிடப்பதைக் கண்டு தலையில் கைவைத்த அனுபவம் எமக்கும் உண்டு. 1991இல் வெளிவந்த யுனிகோட் நியமம் தமிழ் எழுத்துகளுக்கும் தனியிடம் தந்தது. ‘அ’ எந்த நாட்டுக் கணினியிலும் 2949ஆம் எண்தான். பாமினியில் எழுதியவற்றை யுனிகோடுக்கு மாற்ற, ஜெர்மனியில் வாழும் நம் நாட்டவரான சுரதா யாழ்வாணன் ‘பொங்குதமிழ்’ மாற்றியை ஆக்கி எல்லோருக்கும் தந்தார். யுனிகோட்டில் தட்டச்சிட முகுந்தராஜும் ‘தமிழா’ குழுவினரும் தந்த கருவிக்கு எ-கலப்பை என்று பெயர். உழவர் கருவியின் பெயரைக் கணினிக்குச் சூட்டியவர்களை நாம் மெச்சாமல் இருக்க முடியாது.

2005இல் தொடங்கிய ‘நூலகம்’ திட்டம் ஈழத்து நூல்களையும் சஞ்சிகைகளையும் மின்வடிவில் சேர்த்துவருகிறது. மலையக வெளியீடுகளும் அங்குண்டு. தமிழ் விக்கிப்பீடியாவை இயக்கும் மீடியாவிக்கி என்ற அதே கட்டற்ற மென்பொருள்தான் நூலகத்தையும் தாங்குகிறது. பணம் கொடுத்து வாங்க வேண்டியிருந்தால் தன்னார்வலர் சிலர் அதைத் தொடங்கியிருப்பார்களா என்பது சந்தேகமே. கேரளத்தில் 2002இல் உருவான ‘சுதந்திர மலையாளக் கணிமை’ குழுவினர் தம் மொழிக்கு எழுத்துருக்கள் செய்ததோடு நில்லாமல், ‘மீரா இனிமை’ என்ற தமிழ் எழுத்துருவையும் செய்து அளித்தனர்.

எல்லாம் இனிதே நடக்கிறதென்று சொல்லவரவில்லை. இத்தகைய பணிகளில் பல, விரல்விட்டு எண்ணக்கூடிய சிலரின் ஓய்வு நேரத்தில் தொங்கிக்கொண்டிருக்கின்றன. அவர்கள் களைத்துப்போனால் வேலையும் நின்றுவிடும். தோட்டத்துப் பிள்ளைக்கோ கணினியே அரிது, டேட்டா வாங்கும் காசு அதனிலும் அரிது.

ஆயினும் சொற்பட்டியல் திறந்து கிடக்கிறது. கணினியில் ‘அகராதியில் சேர்’ என்று அழுத்தினால் அந்தச் சொல் அந்த ஒரு கணினியில் மட்டுமே தங்கும். பொதுப் பட்டியலைப் பராமரிப்போருக்கு அனுப்பி, அவர்கள் ஏற்றுச் சேர்த்தால், அடுத்த பதிப்பிலிருந்து எல்லோருக்கும் போய்ச்சேரும். யாழ்ப்பாணத்திலோ மதுரையிலோ ஒருவர் கவ்வாத்து என்று எழுதும்போதும் கோடு விழாது. அனுப்புகையில் பொருளையும், அச்சொல் இடம்பெறும் ஓரிரு வாக்கியங்களையும் சேர்த்து எழுதினால் ஏற்பவருக்கு எளிது.

மாணவியும் நாமும் லயத்து வாசலில் உட்கார்ந்து பட்டியல் போடத் தொடங்கினோம். அம்மாயியும் வந்து சேர்ந்துகொண்டார். பிரட்டு, கவ்வாத்து, படங்கு, அரைப்பேர் என்று சொற்கள் ஏறின. லயம் என்பதா லயன் என்பதா என்று வந்தபோது வாக்குவாதம் முற்றியது. லைன் என்ற ஆங்கிலச் சொல்லுக்கு அருகில் இருப்பதால் லயன் என்றார் மாணவி. “நாங்க பொறந்து வளர்ந்தது லயத்துலதான்” என்று அம்மாயி விட்டுக்கொடுக்கவில்லை. இரண்டையும் எழுதிக்கொண்டோம். பிறகு மாணவி பதினாறு பக்கங்களையும் திறந்து, அரைப்பேர் இருந்த இடங்களைத் தேடத் தொடங்கினார்.