சார்ஜில் கிடக்கும் போன் நிலநடுக்கத்தைக் கண்டுபிடிப்பது எப்படி?

ராத்திரி போனை சார்ஜில் போட்டுவிட்டுத் தூங்கிவிடுகிறோம். அது சும்மாதானே கிடக்கிறது என்று நினைக்க வேண்டாம். ஆண்ட்ராய்டு போன் என்றால், அந்நேரம் அது நிலநடுக்கத்துக்குக் காவல் இருக்கலாம்.

அன்றாடப் பொருட்களுக்குள் கணினி கண்ணுக்குத் தெரியாமல் கலந்துவிடும் என்று 1991-ல் எழுதினார் ஜெராக்ஸ் ஆய்வக விஞ்ஞானி மார்க் வைசர். இன்று அதுதான் நடக்கிறது. இப்படிச் சுற்றிலும் குவியும் தகவலை மனிதர் உட்கார்ந்து பார்க்க முடியாது. கவனித்து, முடிவெடுத்து, தானே செயல்படும் மென்பொருள் தேவை. அதன் பெயர்தான் ‘ஏஜென்ட்’.

எப்படி வேலை செய்கிறது?

போனைத் திருப்பினால் திரையும் திரும்புகிறதே, அதற்கு உதவும் சென்சார்தான் இங்கேயும் கண். நிலநடுக்கத்தில் வேகமான, பலவீனமான அலை முதலில் வரும். சேதம் செய்யும் அலை பின்னால் வரும். அசையாமல் இருக்கும் போன் முதல் அலையை உணர்ந்ததும், தோராயமான இடத்தோடு கூகுள் சர்வருக்குத் தகவல் அனுப்பும்.

ஒரு போன் சொன்னால் சர்வர் நம்பாது. யாராவது மேசையை இடித்திருக்கலாம், லாரி போயிருக்கலாம். ஒரே பகுதியில் நிறைய போன்கள் ஒரே நேரத்தில் சொன்னால்தான் கணக்குப் போட்டு எச்சரிக்கை அனுப்பும். நில அலையைவிட இணையம் வேகம் என்பதால், தள்ளி இருப்பவர்களுக்குச் சில நொடிகள் கிடைக்கும்.

சிக்கல் எங்கே?

முடிவெடுப்பதில்தான். 2023 பிப்ரவரி 6-ல் துருக்கியை உலுக்கிய நிலநடுக்கத்தின் அளவு 7.8. ஆனால் இந்த மென்பொருள் முதலில் போட்ட கணக்கு 4.5 முதல் 4.9 வரைதான். சைலன்ட்டில் இருந்தாலும் அலறும் உச்ச எச்சரிக்கை வெறும் 469 பேருக்கே போனது. சுமார் 1 கோடிப் பேருக்குப் போயிருக்கலாம் என்று 2025-ல் கூகுளே ஒப்புக்கொண்டது. துருக்கி, சிரியாவில் 50,000-க்கும் மேற்பட்டோர் இறந்தனர்.

2025 பிப்ரவரியில் பிரேசிலில் நேர்மாறு. நடக்காத நிலநடுக்கத்துக்கு எச்சரிக்கை போய், மக்கள் தூக்கம் கலைந்து எழுந்தார்கள். கூகுள் மன்னிப்புக் கேட்டு, அங்கே சேவையை நிறுத்தியது.

காத்திருந்தால் கணக்கு துல்லியமாகும், ஆனால் தப்பிக்கும் நொடிகள் குறையும். அவசரப்பட்டால் பொய் எச்சரிக்கை. இரண்டு முறை ஏமாந்தவர் மூன்றாவது முறை எழுந்து ஓடுவாரா?

இந்தியாவில் இந்த வசதி 2023 செப்டம்பரில் அறிமுகமானது. போன் செட்டிங்ஸில் பாதுகாப்புப் பகுதிக்குப் போய் ஆன் செய்துகொள்ளலாம். ஆனால் ஒன்று: தரை ஆடுவது தெரிந்தால், போன் அலறட்டும் என்று காத்திருக்காதீர்கள். உடனே உறுதியான மேசைக்கு அடியில் போய்த் தலையைக் காத்துக்கொள்ளுங்கள்.