இடது கையின் பழக்கம்

மன்னார் மாவட்டத்தின் மாந்தை மேற்குப் பகுதியில் எம்முடன் பணியாற்றும் பெண் களப்பணியாளர் ஒருவர் ஏழு ஆண்டுகளாக ஸ்கூட்டர் வைத்திருப்பவர். இரண்டு பிள்ளைகளின் தாய். பிள்ளைகளைப் பாடசாலையில் விடுவதும், சந்தைக்குப் போவதும், மாதர் சங்கக் கூட்டங்களுக்குச் செல்வதும் அதில்தான். லீசிங் கட்டி முடித்த அன்று ஸ்கூட்டருக்குப் பூமாலை போட்டதாகச் சிரித்துக்கொண்டே சொல்வார்.

சென்ற ஆண்டு அவருக்குப் புதிதாக மூன்று கிராமங்கள் ஒப்படைக்கப்பட்டன. மூன்றும் குளக்கட்டுக்கு அப்பால் உள்ளவை. கோடையில் எப்படியோ போய் வந்தார். மாரி தொடங்கியதும் கிறவல் கழுவுண்டு, பாதை கிடங்கும் பள்ளமுமாயிற்று. ஸ்கூட்டரின் சில்லு 10 அல்லது 12 அங்குலம்தான். மோட்டார் சைக்கிளின் சில்லு பெரும்பாலும் 17 அல்லது 18 அங்குலம். பெரிய சில்லு ஏறிக் கடந்துவிடும் கிடங்கில் சின்னச் சில்லு இறங்கி நின்றுவிடும். வான் பாயும் இடத்துக்கு அருகே அவர் இருமுறை விழுந்தார். இரண்டாம் முறை முழங்கை வெடித்து மூன்று வாரம் வீட்டில் இருக்க வேண்டியதாயிற்று.

அந்தக் கிராமங்களை ஆண் பணியாளர் ஒருவருக்கு மாற்றிவிடலாம் என்ற யோசனை எழுந்தது. கேட்பதற்கு இலகுவான தீர்வுதான். ஆனால் அங்குள்ள பெண்கள் அப்போதுதான் தங்கள் நுண்கடன் புத்தகங்களை அவர் முன்னே விரித்துக் காட்டத் தொடங்கியிருந்தார்கள். எந்த நிறுவனத்துக்கு எவ்வளவு, எந்த நகை அடகில், எது கணவனுக்குத் தெரியாது என்பதையெல்லாம் வேறொருவரிடம், அதுவும் ஓர் ஆணிடம், மறுபடி முதலிலிருந்து சொல்வார்களா? நாம் நம்பவில்லை. வேறு வாகனம் வாங்கவும் வழியிருக்கவில்லை. 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி, தனியார் வாகனங்களுக்கு 2025 பெப்ரவரியிலேயே மீண்டும் திறக்கப்பட்டது. இடைப்பட்ட காலத்தில் பழைய வண்டிகளுக்கும் ஏறிய விலை எமக்கு எட்டாதது. எம்மிடம் இருந்தவை கியர் உள்ள இரண்டு 125 சி.சி. மோட்டார் சைக்கிள்கள்.

ஸ்கூட்டர் ஓடத் தெரிந்தவருக்கு இது ஒரு வேலையா என்றே நாமும் எண்ணினோம். எமது நாட்டுச் சாரதி அனுமதிப்பத்திரம் மோட்டார் சைக்கிள்களை எஞ்சினின் அளவைக் கொண்டு பிரிக்கிறது: 100 சி.சி. வரை ஏ1 வகுப்பு, அதற்கு மேல் ஏ வகுப்பு. அவரிடம் ஏ வகுப்பே இருந்தது. ஆனால் அதை எடுத்தது ஸ்கூட்டரில். பயிற்சி முடியும்வரை றோட்டில் ஏறக்கூடாது என்று மட்டும் ஒரு நிபந்தனை வைத்தோம். அந்த நிபந்தனை நல்லதாய்ப் போயிற்று.

நெல் உலர்த்தும் சீமெந்துத் தளத்தில் மாலை நேரங்களில் பயிற்சி. பழக்கியவர் எமது ஊரின் வயதான மெக்கானிக் ஒருவர். முதல் நாள், முதல் கியரில் நேராக ஓடிக்கொண்டிருந்தவரின் முன்னே ஆடொன்று குறுக்கிட்டது. அவர் இடது கையை இறுக்கிப் பிடித்தார். வண்டி நிற்கவில்லை. ஆடு தப்பிவிட்டது, வண்டி உமிச் சாக்குகளில் மோதி நின்றது.

"பிறேக் பிடிச்சனான் அண்ணை! பிறகும் ஓடுது!" என்றார், நடுங்கியபடி.

"பிள்ளை, நீர் பிடிச்சது பிறேக் இல்லை. எஞ்சினைக் கழட்டி விட்டிருக்கிறீர்" என்றார் மெக்கானிக்.

ஸ்கூட்டரின் இடது பிடி பின் சில்லின் பிறேக். சில புதிய வகைகளில் முன் பிறேக்கையும் சேர்த்து இழுக்கும். மோட்டார் சைக்கிளில் அதே இடத்தில், அதே வடிவில் இருப்பது கிளச். அதைப் பிடித்தால் எஞ்சினுக்கும் பின் சில்லுக்கும் இடையிலான தொடுப்பு அறுந்துவிடும். எஞ்சின் இழுத்து வைத்திருந்த வேகமும் விடுபட்டு, வண்டி உருளத் தொடங்கும். ஏழு வருடங்களாகத் தன்னைக் காப்பாற்றிய அசைவே இப்போது ஆபத்தாக மாறிவிட்டதைப் பயந்துபோன கை எப்படி அறியும்? ஒன்றுமே ஓடத் தெரியாத ஒருவருக்கு இந்தச் சிக்கல் இல்லை. அன்று மாலை அவர் எம்மிடம் சொன்னது: "ஃபாதர், மூளைக்கு விளங்குது. இந்தக் கைக்குத்தான் விளங்குதில்லை."

இங்கே நாம் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். நாம் ஓடப் பழகியது எம்.டி. 90 என்று எல்லோரும் அழைக்கும் ஹொண்டாவில். கியர் உண்டு, கையால் பிடிக்கும் கிளச் இல்லை. 1958இல் ஜப்பானில் வெளிவந்து, 2017இல் 10 கோடி உற்பத்தியைக் கடந்த சுப்பர் கப் வண்டியின் குடும்பம் அது. காலால் கியரை மிதிக்கும்போதே கிளச் தானாக விடுபடும். ஆகவே 'கிளச்சை மெதுவாக விடுங்கள்' என்று மற்றவர்களுக்கு அறிவுரை சொன்ன நாம் அந்தத் தளத்தில் ஏறியபோது வண்டி மூன்று முறை குதித்து நின்றது. பணியாளர்கள் மரியாதைக்காகச் சிரிப்பை அடக்கிக்கொண்டார்கள்.

மெக்கானிக் இரண்டாம் நாள் அக்சிலேற்றரைத் தொடவே விடவில்லை. முதல் கியரில் போட்டு, கிளச்சை ஒரு மயிரிழை அளவாக விட்டுக்கொண்டு வந்தால், ஓரிடத்தில் எஞ்சினின் சத்தம் தாழ்ந்து வண்டி முன்னே தள்ளும். அதுவே கிளச் பிடிக்கும் இடம். அங்கே வந்ததும் மறுபடி பிடித்து நிற்பாட்ட வேண்டும். ஒரு மாலை முழுவதும் இதுதான் வேலை. ஸ்கூட்டரில் நின்றபின்னும் எஞ்சின் தானாக ஓடிக்கொண்டிருக்கும்; இதிலோ கிளச்சைப் பிடிக்காமல் நின்றால் எஞ்சினும் நின்றுவிடும். நூறு தடவைக்கு மேல் அவர் இதைச் செய்திருப்பார். அன்று இடது கைக்குப் புதிய தொழில் ஒன்று கிடைத்தது. பழையதை மறக்கச் சொல்வதைவிட அது பயனளித்தது என்பது எமது கணிப்பு.

அடுத்தது வலது கால். ஸ்கூட்டரில் இரண்டு காலும் பலகையில் சும்மா இருப்பவை. இங்கே பின் பிறேக் வலது காலில், கியர் இடது காலில். செருப்போடு வந்தவரின் பெருவிரல், கியரை மேலே தூக்கித் தூக்கிச் சிவந்துபோயிற்று. மறுநாள் மகனின் பாடசாலைச் சப்பாத்துடன் வந்தார். பஞ்சாபியின் சால்வையைக் கழற்றி வைக்கும்படியும் மெக்கானிக் கண்டிப்பாகச் சொன்னார். சங்கிலியிலோ சில்லின் கம்பிகளிலோ சிக்கினால் கழுத்துக்கே ஆபத்து. கியரின் ஒழுங்கும் எல்லா வண்டிகளிலும் ஒன்றல்ல. பல வண்டிகளில் முதல் கியர் கீழே, மற்றவை மேலே, இடையில் நியூற்றல். சில 100 சி.சி. வண்டிகளிலோ எல்லாமே முன்பக்கம் மிதிப்பதுதான். அயலவரின் வண்டியை அவசரத்துக்கு இரவல் வாங்குவோர் ஏறுமுன் இதைக் கேட்டறிய வேண்டும்.

நான்காம் நாள் குளக்கட்டுக்குக் கூட்டிச் சென்றோம். கட்டிலிருந்து இறங்கும் சரிவில் அவர் மீண்டும் கிளச்சைப் பிடித்துக்கொண்டு இறங்கினார். மெக்கானிக் பின்னால் ஓடியபடி கத்தினார். இரண்டாம் கியரில் போட்டு கிளச்சை விட்டுவிட்டால் எஞ்சினே வண்டியைப் பிடித்து வைத்திருக்கும் என்பதை மூன்றாம் தடவையில் கண்டுகொண்டார். ஸ்கூட்டரில் வேகம் குறைந்ததும் எஞ்சினின் பிடி விடுபட்டுவிடும். மீதிச் சரிவு முழுவதும் பிறேக்கை நம்பியே இறங்க வேண்டும். "இதை முந்தியே தெரிஞ்சிருந்தா முழங்கை தப்பியிருக்கும்" என்றார்.

ஆறாம் நாள் அவர் எதிர்பாராத நேரத்தில் மெக்கானிக் வெற்று உரப்பையொன்றை வண்டியின் முன்னே வீசினார். வலது கையும் வலது காலும் சேர்ந்து இறங்கின. இடது கையும் இறுகியது. ஆனால் இம்முறை எஞ்சின் நின்றுவிடாமல் காக்க. வண்டி பைக்கு ஒரு முழம் முன்பாக நின்றது. மெக்கானிக் ஒன்றும் சொல்லாமல் பையை எடுத்து மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டார்.

அதற்கடுத்த வாரம் அவர் குளக்கட்டைத் தாண்டிச் சென்றார். முதல் இரு தடவையும் பின்னால் எமது வண்டியும் போனது. மூன்றாம் தடவை வேண்டாம் என்றுவிட்டார்.

ஞாயிற்றுக்கிழமை பிள்ளைகளுடன் தம் ஸ்கூட்டரில் வந்தவர், சந்தியில் திரும்பும்போது கியர் மாற்ற நினைத்து இடது பிடியை அமர்த்திவிட்டாராம். பின் சில்லு இறுகிச் சறுக்கியிருக்கிறது. மழையில்லாதபடியால் விழவில்லை. இப்போது எந்த வண்டியில் ஏறினாலும், ஸ்ராட் பண்ணுமுன் இடது பிடியை ஒருமுறை வெறுமனே அமர்த்தி, "நீ ஆர்?" என்று கேட்டுவிட்டுத்தான் புறப்படுகிறார். மூத்த மகனும் பின்னாலிருந்து அதையே கேட்கிறானாம்.