எல்லைப்புற எலக்ட்ரீஷியன் கடல் தாண்டும் முன்

கேரளத்தின் மலம்புழையிலோ கட்டப்பனையிலோ உள்ள அரசு ஐடிஐயில் இரண்டு ஆண்டு எலக்ட்ரீஷியன் படிப்பை முடித்து, தேசியத் தொழிற்சான்றிதழை வாங்கிய இளைஞரிடம் ஊரார் கேட்கும் அடுத்த கேள்வி, எப்போது வெளிநாடு என்பதுதான். தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிய சித்தூர், கொழிஞ்சாம்பாறை, முதலமடைப் பக்கத்துத் தமிழ்க் குடும்பங்களிலும், மூணாறு, வண்டிப்பெரியாறு, உடும்பஞ்சோலைத் தோட்ட லயங்களிலும் இந்தக் கேள்விக்குக் கனம் அதிகம். விற்க நிலமில்லாத வீட்டில் கைத்தொழில்தான் முதல். ஆனால் பேச்சு முழுவதும் விசாவையும் ஏஜென்டையும் சுற்றியே முடிந்துவிடுகிறது. போகும் நாட்டில் அவர் எலக்ட்ரீஷியனாக மதிக்கப்படுவாரா, ஹெல்பராகவே காலம் தள்ளுவாரா என்பது பெரும்பாலும் விமானம் ஏறுவதற்கு முன்பே முடிவாகிவிடுகிறது. படிப்பு முடிந்தபின் ஊரில் செய்த வேலைக்கு எழுத்தில் என்ன சான்று வைத்திருக்கிறார் என்பதே அதைத் தீர்மானிக்கிறது.

காரணம் எளிது. மின்வேலையில் பிழை நேர்ந்தால் உயிர் போகும் என்பதால், பல நாடுகள் இதை உரிமம் பெற்றவர் மட்டுமே செய்யக்கூடிய தொழிலாக வைத்திருக்கின்றன. சிங்கப்பூரில் எரிசக்திச் சந்தை ஆணையத்தின் உரிமம் பெற்ற எலக்ட்ரீஷியன்கூட 45 கேவிஏ சுமைக்குள்தான் பொறுப்பேற்று வேலை செய்யலாம். ஆஸ்திரேலியாவில் முதலில் தொழில்திறன் மதிப்பீட்டில் தேற வேண்டும். பிறகு அங்கே போய், தற்காலிக உரிமத்தோடு ஒருவரின் மேற்பார்வையில் வேலை செய்து, உள்ளூர் விதிகளுக்கான இடைநிரப்புப் பயிற்சியையும் முடித்தால்தான் முழு உரிமம். கனடாவின் ஒன்டாரியோ மாகாணம் தன் சொந்தப் பிள்ளைகளிடமே கட்டட எலக்ட்ரீஷியன் பயிற்சிக்கு 9,000 மணி நேரம் கேட்கிறது. வெளியிலிருந்து வருகிறவர் அதற்கு ஈடான அனுபவத்தைக் காட்ட வேண்டும். ஜெர்மனி 2024 மார்ச்சில் கதவைச் சற்று அகலமாகத் திறந்தது உண்மை. அந்தத் தளர்ந்த வழியும் சொந்த நாட்டு அரசு ஏற்ற இரண்டு ஆண்டுப் படிப்போடு, கடைசி ஐந்து ஆண்டுகளுக்குள் குறைந்தது இரண்டு ஆண்டு வேலை அனுபவத்தைக் கேட்கிறது. படிப்பு நம் இளைஞரிடம் இருக்கிறது. தட்டுப்படுவது அந்த இரண்டாவது பாதியில்தான்.

எங்கே தட்டுப்படுகிறது என்பதை எல்லையில் வாழ்கிறவர்களுக்கு விளக்கத் தேவையில்லை. கொழிஞ்சாம்பாறைக்காரருக்கு வேலை ஒரு வாரம் கஞ்சிக்கோடு தொழிற்பேட்டையில், அடுத்த வாரம் பொள்ளாச்சியில். பூப்பாறைக்காரருக்குப் போடியும் தேனியும் பக்கம். காண்ட்ராக்டரிடம் நாள்கூலி, கையில் காசு, காகிதம் கிடையாது. இதற்கு மேல் இன்னொரு சிக்கலும் உண்டு. மாநில அரசு வழங்கிய அல்லது ஏற்றுக்கொண்ட தகுதிச்சான்று உள்ளவரின் நேரடி மேற்பார்வையில்தான் மின் நிறுவல் வேலை நடக்க வேண்டும் என்பது மத்திய மின்சார ஆணையத்தின் பாதுகாப்பு விதி. அந்தச் சான்றைக் கேரளத்தில் ஒரு வாரியம் தருகிறது, தமிழ்நாட்டில் வேறொரு வாரியம் தருகிறது. வயர்மேன் பெர்மிட் வாங்கியவருக்கும் வாளையாறு எல்லையைத் தாண்டினால் கணக்கு மாறிவிடுகிறது. ஐந்து ஆண்டு ஓயாமல் உழைத்தவரின் அனுபவம் இரண்டு மாநிலங்களிலும் பாதி பாதியாகச் சிதறி, எதிலும் முழுதாகப் பதிவாகாமல் போகிறது. ஆஸ்திரேலிய மதிப்பீட்டாளர் கேட்பதோ சம்பளச் சீட்டு, வங்கிக் கணக்கு, செய்த வேலையை விவரித்து முதலாளி தந்த கடிதம்.

வளைகுடாவில் யார் இதையெல்லாம் கேட்கிறார்கள், போனவர்கள் வீடு கட்டவில்லையா என்று ஒருவர் மறுக்கலாம். கட்டியிருக்கிறார்கள். அந்த உழைப்பைக் குறைத்துச் சொல்ல எனக்கு மனமில்லை. அங்கே பெரும்பாலும் உரிமம் நிறுவனத்தின் பெயரில் இருக்கும், தொழிலாளி அதன் நிழலில் வேலை செய்வார். ஆனால் அந்த நிழலும் மாறி வருகிறது. சவுதி அரேபியா தன் திறன் சரிபார்ப்புத் தேர்வை 2022 இறுதியில் இந்தியாவில் தொடங்கியபோது, முதலில் சேர்த்த தொழில்களில் எலக்ட்ரீஷியனும் ஒன்று. தேர்வைவிட முக்கியமானது, விசாவிலும் இக்காமா என்ற வசிப்பு அனுமதி அட்டையிலும் எழுதப்படும் தொழிற்பெயர். ஹெல்பர் என்று எழுதி அழைத்துப் போய், எலக்ட்ரீஷியன் வேலையை வாங்கிக்கொண்டால், பத்து ஆண்டு கழித்து வேறு நாட்டுக்கு விண்ணப்பிக்கும்போது காகிதம் அவரை ஹெல்பராகவே காட்டும். ஊரில் தொலைந்த அனுபவம் அங்கேயும் தொலைகிறது.

இதில் அரசின் காவலும் குறைவு. 1983ஆம் ஆண்டுக் குடிபெயர்வுச் சட்டத்தின் கீழ், 18 நாடுகளுக்கு வேலைக்குப் போகிறவர்களின் ஒப்பந்தத்தைக் குடிபெயர்வோர் பாதுகாவலர் அலுவலகம் பார்த்து அனுமதி தர வேண்டும். பத்தாம் வகுப்பு தேறியவருக்கு அந்த அனுமதி தேவையில்லை. எலக்ட்ரீஷியன் படிப்பில் சேரவே பத்தாம் வகுப்பு வேண்டும் என்பதால், அதை முடித்தவர்கள் எல்லாரும் இந்தச் சோதனைக்கு வெளியே நிற்கிறார்கள். படித்தவர் தன்னைத் தானே பார்த்துக்கொள்வார் என்று சட்டம் நம்புகிறது. அப்படியானால் அவர் பார்த்துக்கொண்டுதான் ஆக வேண்டும்: ஏஜென்ட் மத்திய அரசின் இ-மைக்ரேட் தளத்தில் பதிவு பெற்றவரா, ஒப்பந்தத்தில் தொழிற்பெயர் சரியாக இருக்கிறதா, கேட்கும் சேவைக் கட்டணம் 30,000 ரூபாயும் ஜிஎஸ்டியும் என்ற வரம்புக்குள் இருக்கிறதா என்று. கேரள அரசின் வெளிநாட்டு வேலைவாய்ப்பு நிறுவனமான ஒடெபெக் 1977 முதலும், தமிழ்நாடு அரசின் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம் 1978 முதலும் இருக்கின்றன. தெருமுனை ஏஜென்டிடம் போகும் முன் அங்கே ஒரு முறை விசாரிப்பதில் நட்டமில்லை.

காண்ட்ராக்டர் கடிதம் தரமாட்டார், நாள்கூலிக்காரர் என்ன செய்வார் என்பது இன்னும் கனமான மறுப்பு. தனி மனிதர் எல்லாவற்றையும் சரிசெய்ய முடியாது. ஆனாலும் வழிகள் உண்டு. 1961ஆம் ஆண்டுத் தொழிற்பழகுநர் சட்டத்தின் கீழ் அப்ரண்டிஸாகச் சேர்ந்தால், உதவித்தொகை குறைவாக இருந்தாலும் கடைசியில் அரசுச் சான்றிதழ் கிடைக்கும். கூலி சற்றுக் குறைந்தாலும் பிஎஃப் பிடிக்கும் நிறுவனத்தில் இரண்டு ஆண்டு வேலை செய்வது பெரிய முதலீடு. அந்தக் கணக்கில் மாதாமாதம் விழும் வரவை எந்த முதலாளியும் பின்னால் மறுக்க முடியாது. கூலியை வங்கி வழியாகக் கேட்டு வாங்குவதும் அப்படித்தான். டெஸ்டர் எரிகிறதா என்று பார்ப்பதோடு நிற்காமல், மெக்கர் வைத்து 500 வோல்ட்டில் இன்சுலேஷன் ஒரு மெகா ஓமுக்குக் குறையாமல் இருக்கிறதா என்று அளந்து, தேதியோடு குறித்து வைக்கும் பழக்கம் திறன் தேர்விலும் கைகொடுக்கும். தமிழர்களுக்கே உரிய ஒரு தொல்லையையும் இங்கே சொல்ல வேண்டும். எஸ்எஸ்எல்சி புத்தகத்தில் இனிஷியல், ஐடிஐ சான்றிதழில் அப்பா பெயர், பாஸ்போர்ட்டில் ஊர்ப் பெயரும் சேர்ந்து நின்றால், மூன்றும் ஒரே ஆள் என்று நிரூபிப்பதிலேயே மாதங்கள் போய்விடும். அதைப் பாஸ்போர்ட் எடுக்கும்போதே சரிசெய்துவிட வேண்டும்.

அரசுகள் செய்ய வேண்டியதும் இருக்கிறது. 1969ஆம் ஆண்டுக் கேரள ஆட்சிமொழிச் சட்டம், அரசோடு தமிழில் எழுதித் தொடர்புகொள்ளும் உரிமையை இங்குள்ள தமிழருக்குத் தந்திருக்கிறது. வெளிநாட்டு வேலை பற்றி, கேரள அரசின் வெளிநாடுவாழ் கேரளர் துறையான நோர்க்கா தரும் வழிகாட்டுதலும் தேவிகுளத்திலும் சித்தூரிலும் தமிழில் கிடைக்க வேண்டும். பெர்மிட் விஷயத்தில் புதுச் சட்டம்கூட வேண்டாம். மாநில அரசு வேறிடத்துச் சான்றை ஏற்றுக்கொள்ள மத்திய விதியிலேயே இடம் இருக்கிறது. ஆஸ்திரேலியாவும் நியூசிலாந்தும் கடலுக்கு இரு கரையில் இருந்துகொண்டு, ஒரு நாட்டு எலக்ட்ரீஷியனின் உரிமத்தை மறு நாடு ஏற்கும் ஏற்பாட்டை 1998 முதல் நடத்தி வருகின்றன. திருவனந்தபுரமும் சென்னையும் ஒருவர் பெர்மிட்டை ஒருவர் ஏற்கத் தொடங்கினால், வாளையாற்றின் இரு பக்கமும் செய்த வேலை ஒரே அனுபவமாகப் பதிவாகும்.